ஸ்வீடனில் மாமியாரின் பூர்வீகத்தைத் தேடிப் போகும் முன்

கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் மின்னசோட்டாவில் இருக்கிறீர்கள். உங்கள் மாமியாருக்கு 74 வயது. அவருடைய தாத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1887-ல் தென் ஸ்வீடனின் ஸ்மோலாண்ட் பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் ஜான்சன். வரும் ஜூலை இரண்டாம் வாரம் வழிகாட்டியோடு ஒன்பது நாள் பயணம் பதிவு செய்திருக்கிறீர்கள். அதில் ஒரு நாள் ‘உறவினர் சந்திப்பு’ என்று போட்டிருக்கிறது. என்ன பரிசு வாங்கலாம், என்ன உடுத்தலாம், மீதி நாட்களில் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, ‘அவர்கள் எங்களை எதிர்பார்ப்பார்களா என்றே தெரியவில்லை’ என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதனால் பரிசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் பதினாறு வருடமாக ஸ்மோலாண்டில், வெக்ஷோ நகரத்தில் இருக்கிறேன். பிழைப்பு வேறு. பழைய சர்ச் பதிவேடுகளைப் படிக்கிற பைத்தியம் பிடித்து, உள்ளூர் வம்சாவளி ஆர்வலர்களோடு சேர்ந்தேன். கோடை வந்தால் அமெரிக்காவிலிருந்து வேர் தேடி வரும் குடும்பங்களுக்குத் துணையாகப் போய்வருகிறேன். வழிகாட்டி என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து பதிவேட்டை மொழிபெயர்க்கிற ஆள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரை நினைத்துக்கொண்டே இருக்கிறார்கள், இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு கிளை இருப்பதே தெரியாது. 1850-க்கும் 1930-க்கும் இடையில் ஏறத்தாழ 13 லட்சம் பேர் இந்த நாட்டைவிட்டு அமெரிக்கா போனார்கள். எல்லா வீட்டிலும் ஒருவர் போயிருந்தார். அதனால் அது இங்கே பெரிய கதையாக நினைவில் நிற்கவில்லை. ‘எதிர்பார்ப்பார்களா’ என்றால், நீங்கள் முன்கூட்டியே எதிர்பார்க்க வைத்தால்தான் உண்டு. அதை ஒரு பயண நிறுவனம் செய்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

முதலில் உறுதியானது எது, குடும்பக் கதை எது என்று பிரியுங்கள். நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. 1887 என்ற வருடம் நம்பத்தக்கது. 1880-கள்தான் இந்தக் குடிபெயர்வின் உச்சம். ‘எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை ஜான்சன் என்று மாற்றிவிட்டார்’ என்பது கதை. எல்லிஸ் தீவு என்ற நியூயார்க் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892-ல். 1887-ல் நியூயார்க்கில் இறங்கியவர்கள் காசில் கார்டன் என்ற பழைய நிலையம் வழியாகப் போனார்கள். தவிர, அதிகாரிகள் கப்பலிலிருந்து வந்த பட்டியலை வைத்துத்தான் பார்த்தார்கள். உட்கார்ந்து பெயர் மாற்றவில்லை. அக்கம்பக்கத்தாரின் வாய்க்கு வசதியாகப் பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்களேதான். மூன்றாவது, ‘வெக்ஷோவிலிருந்து வந்தார்’ என்பது. இது பாதி உண்மையாக இருக்கும். நம் ஊரில் எங்கோ ஒரு குக்கிராமத்துக்காரர் சென்னைக்காரரிடம் ‘திருநெல்வேலி’ என்று சொல்லிவிடுவதில்லையா, அப்படி. அவருடைய சர்ச் வட்டம், அதாவது ஒரு சர்ச்சின் எல்லைக்குள் வரும் ஊர்ப்பகுதி, வெக்ஷோவைச் சுற்றி எங்கேயும் இருக்கலாம்.

அந்தச் சர்ச் வட்டத்தின் பெயர்தான் உங்களுக்கு வேண்டிய சாவி. ஸ்வீடிஷில் சொக்கென் என்பார்கள். ஆளுடைய பிறந்த தேதியும் சொக்கெனும் கிடைத்துவிட்டால் மற்றது பெரும்பாலும் தானாக வரும். இரண்டில் ஒன்று இல்லையென்றால், ஸ்மோலாண்டில் ஜான்சன் என்று தேடுவது திருவிழாக் கூட்டத்தில் ‘முருகா’ என்று கூப்பிடுகிற மாதிரி.

ஏன் என்று தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். நாம் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிறோம். அந்தக் காலத்து ஸ்வீடிஷ் கிராமத்திலும் அதே கதைதான். யூஹானெஸ் என்பவரின் மகன் யூஹானெஸ்சொன், மகள் யூஹானெஸ்டோட்டர். அந்த மகனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அவன் தன் அப்பாவின் பெயரைப் போட்டுக்கொள்வான், தாத்தா பெயரை அல்ல. நிலையான குடும்பப் பெயர் என்பது 1901-ல் வந்த பெயர் ஒழுங்குமுறைக்குப் பிறகுதான் எல்லோருக்குமான வழக்கமாக நிலைத்தது. ஆக உங்கள் ஜான்சன், இங்கே யூன்சொன், யூஹான்சொன், யூஹானெஸ்சொன் இவற்றில் எதுவாகவும் இருந்திருக்கலாம். படைவீரராக இருந்திருந்தால் தலைகீழாகப் போகும்: ஒரே படையில் பத்து ஆண்டர்சொன் இருந்தால் குழப்பம் என்று ராஸ்க், மூடிக், ஷோல்ட் மாதிரிக் குட்டிப் பெயர்கள் வைத்தார்கள், வேகமானவன், துணிந்தவன், கேடயம் என்று பொருள். ஊரில் தங்கிவிட்ட தம்பியோ அண்ணனோ, பின்னாளில் மரம், மலை, ஓடை என்று ஏதாவது ஒரு இயற்கைப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்திருக்கலாம். இன்றைய உறவினர் பெயர் ஜான்சனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சொக்கென் பெயரைத் தேட வேண்டியது முதலில் ஸ்வீடனில் அல்ல, உங்கள் ஊரில். மாமியாரின் வீட்டில் பழைய ஸ்வீடிஷ் பைபிள் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் முன்பக்கங்களைப் பாருங்கள். பிறப்பு, திருமணம் எல்லாம் அதில் எழுதி வைப்பது வழக்கம். அப்புறம் தாத்தா சேர்ந்திருந்த ஸ்வீடிஷ் லூத்தரன் சர்ச். 1860-ல் தொடங்கிய அகஸ்டானா சினட் என்ற ஸ்வீடிஷ் லூத்தரன் சபையின் சர்ச்சுகள் ஸ்வீடிஷிலேயே பதிவேடு வைத்தன. பல பதிவேடுகளில் உறுப்பினர் பிறந்த சொக்கென்கூட இருக்கும். இல்லினாயின் ராக் ஐலண்டில் அகஸ்டானா கல்லூரியில் உள்ள ஸ்வென்சன் மையம் இவற்றின் நுண்படச் சுருள்களை வைத்திருக்கிறது. இறப்புச் சான்றிதழும் குடியுரிமைத் தாளும் பெரும்பாலும் ‘ஸ்வீடன்’ என்று சொல்லி முடித்துவிடும். அவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்வீடனின் கூட்டன்பர்க் துறைமுகத்தில் காவல்துறை 1869 முதல் பயணிகள் பட்டியல் வைத்திருந்தது. அதில் பெயர், வயது, சொந்த ஊர், போகும் இடம் இருக்கும். பெரும்பாலோர் அங்கிருந்து இங்கிலாந்தின் ஹல் போய், ரயிலில் லிவர்பூல் சேர்ந்து, அங்கே பெரிய கப்பலில் ஏறினார்கள்.

சொக்கென் தெரிந்ததும் ஸ்வீடனின் அற்புதம் தொடங்கும். 1686-ன் சர்ச் சட்டம் பாதிரியார்களைப் பதிவேடு வைக்கச் சொன்னது. ஒவ்வொரு பண்ணையாகப் போய், யார் யார் இருக்கிறார்கள், படிக்கத் தெரியுமா, ஞானோபதேசம் தெரியுமா என்று தேர்வு வைத்துக் குறித்துக்கொண்டார்கள். குடும்பம் குடும்பமாக, பிறந்த தேதி, எங்கிருந்து வந்தார், எங்கே போனார் எல்லாம் ஒரே பக்கத்தில். உங்கள் மாமியாரின் தாத்தா பெயருக்கு எதிரே ‘வ. அமெரிக்கா’ (வட அமெரிக்கா) என்று ஒரு சின்னக் குறிப்பும் வருடமும் இருக்கும். அதைப் பார்த்து அழாதவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். தேசிய ஆவணக் காப்பகம் இந்தப் பக்கங்களின் படங்களை 2018 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கையெழுத்து படிக்கச் சிரமம். உதவி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கங்கள் எதையும் மறைக்காது. அப்பா பெயர் இல்லாமல் பிறந்த பிள்ளை, ஊர்த் தருமத்தில் வாழ்ந்த பாட்டி, திருட்டுக்குத் தண்டனை, எல்லாம் பாதிரியாரின் நேர்த்தியான கையெழுத்தில் இருக்கும். மாமியாருக்கு இதை வண்டியில் வைத்து வழிகாட்டி வாசித்துக் காட்டுவதைவிட, நீங்களோ கணவரோ வீட்டில் முதலில் படித்துவிடுவது நல்லது.

அடுத்தது பண்ணையின் பெயர். இதில் சறுக்கியவர்கள் நிறைய. சில வருடம் முன்பு ஒரு நிறுவனத்தின் குழுவோடு போனேன். அவர்கள் குறித்து வைத்திருந்த பண்ணைக்குப் போய் இறங்கினோம். வயதான அம்மா ஒருவர் கதவைத் தொட்டுப் பார்த்தார், அழுதார், ஒரு கவரில் மண் எடுத்துக்கொண்டார். அன்று இரவு சும்மா பதிவேட்டைப் புரட்டினால், அதே பெயரில் இன்னொரு பண்ணை இரண்டு சொக்கென் தள்ளி இருக்கிறது. குடும்பம் இருந்தது அங்கே. தோப்பு, மலை, ஏரி என்று பெயர் வைக்கிற நாட்டில் இது சகஜம். மறுநாள் காலையில் மகளிடம் மட்டும் சொன்னேன். அவர் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்றார். மறுபடி போனோம். அங்கே வீடே இல்லை, ஃபர் மரக்காடுதான். ஆகவே உங்கள் வழிகாட்டியிடம் பண்ணைப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எந்தச் சொக்கென், பதிவேட்டின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்த நாளை நம்ப வேண்டாம். மண் எடுப்பதும் வேண்டாம், அமெரிக்கச் சுங்கத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் மண்ணை விடமாட்டார்கள். சின்னக் கல்லாக எடுத்துக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மோலாண்டில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கல்லோடு மல்லுக்கட்ட முடியாமல்தானே பாதிப் பேர் கப்பலேறினார்கள்.

வீடு நிற்குமா? தாத்தா நிலம் உள்ள பண்ணையில் பிறந்திருந்தால் வாய்ப்பு உண்டு. தோர்ப் என்கிற குத்தகைக் குடிசையில் பிறந்திருந்தால் இன்று பாசி படிந்த அடித்தளக் கற்கள்தான் மிஞ்சியிருக்கும். பக்கத்தில் ஒரு ஆப்பிள் மரமோ லைலாக் புதரோ காட்டுக்குள் தனியாக நின்றால் அங்கே வீடு இருந்தது என்று அர்த்தம். பல ஊர்களில் உள்ளூர் மரபுச் சங்கத்தார் இந்த இடங்களில் பெயர்ப்பலகை நட்டிருக்கிறார்கள். ஹெம்பிக்ட்ஸ் சங்கம் என்று தேடுங்கள், கிட்டத்தட்ட ஒவ்வொரு சொக்கெனுக்கும் ஒன்று இருக்கும். பயண நிறுவனத்தைவிட அந்தச் சங்கத்தின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உங்களுக்கு அதிகம் உதவுவார். வேரும் கல்லுமாக இருக்கும் பாதை. மாமியாருக்கு ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணிப்பூச்சி அதிகம். கல்லறை பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். இங்கே கல்லறை இடம் பெரும்பாலும் தவணை உரிமை, 25 வருடம் என்பது வழக்கம். புதுப்பிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். 1800-களில் இறந்த எளிய குடியானவருக்குக் கல் இருப்பது அபூர்வம்.

சரி, உயிரோடிருக்கும் உறவினர்கள். அவர்களைக் கண்டுபிடிக்க, கப்பலேறியவரை விட்டுவிட்டு ஊரில் தங்கிய உடன்பிறப்புகளைப் பிடித்துக் கீழ்நோக்கி வர வேண்டும். இதற்கு நான் கண்ட சிறந்த ஆவணம், ஒருவர் இறந்ததும் எழுதப்படும் சொத்துப் பட்டியல். வாரிசுகள் எல்லோர் பெயரும் அதில் இருக்கும், ‘அமெரிக்காவில் இருக்கிறார்’ என்று குறித்தவர்கள் உட்பட. 2001-க்குப் பிந்தையவை வரித்துறையிடமும், முந்தையவை நீதிமன்ற ஆவணங்களிலும் கிடைக்கும். பிறகு முகவரி. இந்த நாட்டில் பெரும்பாலோரின் முகவரி இணையத்திலேயே கிடைக்கும், நமக்கு அதிர்ச்சியாக இருக்கும். அதற்காக நேரே போய்க் கதவைத் தட்டிவிடாதீர்கள். காகிதத்தில் கடிதம் எழுதுங்கள், குறைந்தது மூன்று மாதம் முன்னால்.

கடிதம் ஒரு பக்கம் போதும், ஸ்வீடிஷில் ஒரு பத்தி, மீதி ஆங்கிலத்தில். பெரும்பாலோருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். எண்பது தாண்டியவர்களுக்குத் தடுமாறும். நீங்கள் யார், எந்த உடன்பிறப்பின் வழியில் உறவு, எந்தத் தேதியில் வருகிறீர்கள், ஒரு மணிநேரம் காபி குடிக்க முடியுமா. தங்க இடம் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். சொத்துக்காக வரவில்லை என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிய வேண்டும். நிலத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பங்கைக் காசாகக் கொடுத்த வீடுகளில் அந்தப் பயம் இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாத்தாவின் படம் ஒன்றும், கையால் வரைந்த சின்ன வம்ச மரமும் வையுங்கள். பதில் வராவிட்டால் வழிகாட்டி ஒருமுறை தொலைபேசியில் பேசட்டும். அதற்கும் மேல் வற்புறுத்த வேண்டாம். மறுத்தவர்களும் உண்டு; ஊர் முழுக்கக் கூட்டி வந்து மேசை போட்டவர்களும் உண்டு. எந்த வீடு எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது, உங்கள் நிறுவனத்தாலும்.

இதனால்தான் ஜூலை எனக்கு உறுத்துகிறது. அந்த மாதத்தில் பாதி ஸ்வீடன் விடுமுறையில் ஏதோ ஒரு ஏரிக்கரைக் குடிலில் இருக்கும். உறவினரே கோடைக்கு ஊர் திரும்புகிற குடும்பமாக இருந்தால் ஜூலை நல்லது, இல்லையென்றால் பூட்டிய வீடு. தேதியை மாற்ற முடிந்தால் மே கடைசியிலிருந்து, மிட்சம்மர் என்ற கோடைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் வரை, அல்லது ஆகஸ்ட் பின்பாதி. மிட்சம்மர் மாலை எப்போதும் ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையிலான வெள்ளி. அன்று கடை, அலுவலகம் எதையும் நம்பாதீர்கள்.

அந்தக் காபி மேசைக்கு வருவோம். சொன்ன நேரத்துக்கு வாசலில் இருங்கள், பத்து நிமிடம் முன்னாலும் வேண்டாம். உள்ளே போனதும் செருப்பைக் கழற்றுங்கள், இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கணவருக்குச் சொல்லுங்கள். வயதான வீடாக இருந்தால் ஏழு வகைப் பலகாரம் என்கிற பழைய வழக்கம் இன்னும் இருக்கலாம்: முதலில் பன், பிறகு பிஸ்கட் வகைகள், கடைசியில் கேக். ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்துக்கொள்வது மரியாதை. ஸ்மோலாண்டில் ஊஸ்த்காக்கா என்று பாலைத் திரித்துச் செய்த இனிப்பை ஜாமும் கிரீமுமாகத் தருவார்கள், விடாதீர்கள். சைவம் என்றால் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்; மேசையில் சொன்னால்தான் அவர்களுக்குச் சங்கடம். எண்பத்தைந்து வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், 1960-களின் கடைசியிலிருந்து அப்படித்தான். எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. பேச்சு நடுவில் நின்றுபோனால் பதறாதீர்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு மௌனம் சங்கடமில்லை. நாம்தான் அதை நிரப்பப் பார்ப்போம்.

உறவுமுறையில் உங்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, அமெரிக்கர்களுக்கு இல்லாதது. ஸ்வீடிஷில் அம்மாவின் அம்மா மூர்மூர், அப்பாவின் அம்மா ஃபார்மூர். தாய்மாமன் மூர்ப்ரூர், அப்பாவின் சகோதரர் ஃபார்ப்ரூர், அத்தை ஃபாஸ்தெர், அம்மாவின் சகோதரி மூஸ்தெர். நம்மைப் போலவே பக்கம் பிரித்துச் சொல்வார்கள். உங்கள் மாமியாரும், தாத்தாவின் உடன்பிறப்பினுடைய பேரப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் சிஸ்லிங். அவர்களின் பிள்ளைகள் உங்கள் கணவருக்குப் பிரில்லிங். இந்த இரண்டு சொல்லையும் மேசையில் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். உங்களுக்கும் ஒரு சொல் உண்டு, இன்யிஃப்ட், கட்டிக்கொண்டு வந்தவர்.

பரிசு: விலையுயர்ந்தது வேண்டாம். மேப்பிள் பாகு, உள்ளூர்ப் புகைப்படப் புத்தகம் போதும். இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. உண்மையான பரிசு, 1890 முதல் 1930 வரையிலான குடும்பப் படங்களின் பிரதி, பின்னால் பெயர் எழுதி. இங்கே பல வீட்டில் மினியாபொலிஸ் ஸ்டுடியோ முத்திரை போட்ட, யாரென்று தெரியாத படங்கள் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. அதைத் திறக்க வைத்தால் நீங்கள் வந்த வேலை முடிந்தது. உடுப்பு பற்றிக் கேட்டீர்கள், புடவை தாராளமாகக் கட்டுங்கள், மேலே ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

மீதி நாட்கள் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வெக்ஷோவில் 1968-ல் திறந்த குடிபெயர்ந்தோர் இல்லத்துக்கு அரை நாள், கண்ணாடி ஊதுகிற கொஸ்தாவுக்கு அரை நாள். ஸ்டாக்ஹோமில் இறங்காமல் கோபன்ஹேகனில் இறங்கினால் விமான நிலையத்திலிருந்தே நேர் ரயில் உண்டு, சுமார் இரண்டரை மணி நேரம். உறவினர் சந்திப்புக்கு மறுநாளைக் காலியாக விடுங்கள். ‘நாளைக்கும் வாருங்கள், என் அக்காவைக் கூப்பிடுகிறேன்’ என்று அவர்கள் சொன்னால் பேருந்து காத்திருக்கிறது என்று கிளம்பக் கூடாது.

கடைசியாக, நிறுவனம் யோசித்திருக்காத ஒன்று. நீங்கள் இந்திய பாஸ்போர்ட் என்று எழுதியிருந்தீர்கள். கிரீன் கார்டு இருந்தாலும் உங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், கணவருக்கும் மாமியாருக்கும் வேண்டாம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள், அதற்காகக் காத்திருக்காதீர்கள். முக்கியமாகப் போகும் நாடு ஸ்வீடன் என்பதால் கோபன்ஹேகனில் இறங்கினாலும் ஸ்வீடனுக்குத்தான் விண்ணப்பம். விசா சட்டம் என் துறை இல்லை, தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் மாமியாரிடம் அந்தப் பைபிளின் முன்பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் படமெடுக்கச் சொல்லி, இங்கே போடுங்கள். உயிரோடிருப்பவர்கள் பெயர் இருந்தால் மறைத்துவிடுங்கள். சொக்கென் பெயர் எழுதியிருந்தால் அந்தக் கையெழுத்தைப் படித்துச் சொல்கிறேன்.